குட்டியின் நெஞ்சில் சத்தம்: வாங்கலாமா, விடலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். லிஃப்ட் இல்லை. 11 வயது மகளுக்காகக் கந்தானையில் ஒருவரிடம் லப்ரடோர் பெண்குட்டி பார்த்து, 10,000 ரூபாய் அட்வான்சும் கொடுத்துவிட்டோம். குட்டிக்கு இப்போது 8 கிழமை. முதல் தடுப்பூசி போட்ட மிருக வைத்தியர் இதயத்தில் சத்தம் கேட்கிறது என்று சொல்லி, ஊசிக் கொப்பியில் "முணுமுணுப்பு 3/6" என்று எழுதியிருக்கிறார். "வளர வளரப் போயிடும், ஓடி விளையாடுது பாருங்கோ" என்கிறார் விற்பவர். 90,000 சொன்னதை 50,000க்குத் தருகிறாராம். ஞாயிறுக்குள் முடிவு சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். மகள் பெயரும் வைத்துவிட்டாள். வாங்கலாமா? நாங்கள் எடுக்காவிட்டால் அதன் கதி என்ன?

அன்புள்ள வாசகிக்கு,

ஞாயிறுக்குள் முடிவு சொல்ல வேண்டாம். இரத்தம் ஓடும் திசையையும் வேகத்தையும் காட்டும் டொப்ளர் வசதியுள்ள எக்கோ (இதய ஸ்கேன்) ஒன்று எடுத்து, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு சொல்லுங்கள். அதுவரை குட்டி தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் கந்தானையிலேயே இருக்கட்டும். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள். 10,000 ரூபாய் நட்டம் ஒரு மாதத்தில் மறந்துபோகும். மகளின் கட்டிலடியில் படுத்துப் பழகிய நாய் ஒன்றரை வயதில் திடீரென்று விழுந்து சாவது அப்படி மறக்காது.

முதலில் அந்த 3/6. ஆரோக்கியமான இதயம் "லப்–டப்" என்று இரண்டு சத்தங்களாகக் கேட்கும். இரத்தம் ஓடும் வழியில் எங்காவது சுழிப்பு ஏற்பட்டால் இடையில் "ஷ்ஷ்" என்று ஓர் இரைச்சல் நுழையும். அதைத்தான் முணுமுணுப்பு என்கிறோம். அதன் பலத்தை 6 தரமாகப் பிரிப்பார்கள். 1 என்றால் அமைதியான அறையில் சற்று நேரம் காதுகொடுத்தால்தான் கேட்கும். 2 மெல்லியது, ஆனால் ஸ்டெதஸ்கோப்பை வைத்த உடனே கேட்கும். 3 என்றால் "லப்–டப்" அளவுக்கே பலம். 4 நெஞ்சின் பல இடங்களில் உரத்துக் கேட்கும். 5இல் உள்ளங்கையை விலாவில் வைத்தாலே அதிர்வு தெரியும். மடியில் கிடக்கும் பூனை குறுகுறுப்பது போலிருக்கும். 6இல் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சிலிருந்து சற்று எடுத்துப் பிடித்தாலும் கேட்கும்.

விற்பவர் சொல்வதில் பாதி உண்மை. வளரும் குட்டிகள் பலவற்றுக்கு எந்தக் குறையும் இல்லாமலே இப்படி ஒரு சத்தம் கேட்பதுண்டு. அது பெரும்பாலும் தரம் 1 அல்லது 2ஆக, இடப்பக்கத்தில், இதயம் சுருங்கும் நேரத்தில் மட்டும் கேட்கும். குட்டி நிற்கும்போது ஒரு மாதிரியும் படுக்கும்போது வேறு மாதிரியும் இருக்கும். 4 மாதமளவில், பிந்தினால் 6 மாதத்துக்குள், தானாகப் போய்விடும். உங்கள் குட்டியின் 3 அந்த எல்லைக்கோட்டில் நிற்கிறது. தரம் 2 என்றால் "அடுத்த ஊசிக்கு வரும்போது மறுபடி கேட்போம்" என்று பொறுத்திருக்கலாம். 3க்கு அப்படிப் பொறுப்பது சரியில்லை, அதுவும் காசு கைமாறப்போகிற நேரத்தில்.

பலமான சத்தம் பெரிய நோய், மெல்லிய சத்தம் சின்ன நோய் என்றும் நினைத்துவிடாதீர்கள். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் முக்கால்வாசி அடைத்தால் இரைச்சல் கூடுகிறதல்லவா? இதயத்தின் கீழறைகளுக்கு நடுச்சுவரில் ஊசித்துளை போன்ற சின்ன ஓட்டை இருந்தால் சத்தம் காதைப் பிளக்கும், நாயோ முதுமை வரை நன்றாக வாழக்கூடும். பெரிய ஓட்டை அடக்கமாகவே கேட்கும். இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் மகாநாடியின் வால்வுக்குக் கீழே ஏற்படும் ஒடுக்கம் இன்னும் கள்ளமானது. 8 கிழமையில் மெல்லியதாக இருந்து, நாய் வளர வளர அதுவும் இறுகி, ஒரு வயதுக்குள் தன் முழு உருவத்தைக் காட்டும். ஆகவே அந்த எண்ணை மட்டும் வைத்து வாங்கவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது.

எண்ணைவிட முக்கியமானவை இரண்டு: சத்தம் எந்தப் பக்கம் பலமாகக் கேட்கிறது, துடிப்பின் எந்தக் கட்டத்தில் கேட்கிறது. கொப்பியில் அது எழுதப்படவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து விளங்குகிறது. அந்த வைத்தியரையே தொலைபேசியில் கேளுங்கள். வலப்பக்கம் பலம் என்றால் எக்கோ இல்லாமல் ஓரடியும் எடுத்து வைக்க வேண்டாம். லப்ரடோர் இனத்தில் பரம்பரையாக வருகிற மூவிதழ் வால்வுக் கோளாறு (இதயத்தின் வலப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு) அந்தப் பக்கத்தில்தான் கேட்கும். சத்தம் இடைவிடாமல், வொஷிங் மெஷின் சுற்றுவது போல ஓடிக்கொண்டே இருந்தால் அது பெரும்பாலும் மூடாத நாளம். தாயின் வயிற்றில் இருக்கும்போது மகாநாடியையும் நுரையீரல் நாடியையும் இணைக்கிற ஒரு சிறு குழாய் உண்டு. பிறந்து சில நாளில் அது மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் உடம்புக்குப் போகவேண்டிய இரத்தம் நுரையீரலுக்குள் பாய்ந்து, இதயத்தின் இடப்பக்கத்தை ஊதவைக்கும். இது பெண்குட்டிகளில் அதிகம். இடப்பக்க அக்குளின் உட்புறத்தில், மேலே ஏற்றி வைத்துக் கேட்டால்தான் இந்தச் சத்தம் முழுமையாகத் தெரியும். விலாவின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் வைத்துக் கேட்டால் அதன் ஒரு பாதிதான் காதில் விழும், சாதாரண 3/6 என்று எழுதிவிடவும் கூடும். "அக்குளுக்குள்ளும் வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்பதில் எந்த மரியாதைக்குறைவும் இல்லை.

இரண்டாம் முறை கேட்பதற்கு இடமும் நேரமும் முக்கியம். வெயிலில் வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த குட்டிக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும். நிமிடத்துக்கு 180, 200 என்று துடிக்கும் இதயத்தில் எந்தச் சத்தம் எந்த நேரத்தில் வருகிறது என்று பிரித்துச் சொல்வது அனுபவசாலிக்கும் கடினம். காலை வேளையில், சாப்பிடக் கொடுத்துத் தூங்கி எழும்பிய குட்டியை மடியில் வைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. மேலுதட்டைத் தூக்கிப் பல் முரசைப் பாருங்கள். லப்ரடோரின் முரசில் கறுப்புப் படலம் இருக்கும், அது இயல்பு. கறுப்பில்லாத இடத்தில் நல்ல இளஞ்சிவப்பு இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளிறிய இடம் 2 செக்கனுக்குள் சிவக்க வேண்டும். பிறகு பின்தொடையின் உட்பக்கம், இடுப்போடு சேரும் இடத்தில் இரண்டு விரலை மெதுவாக வையுங்கள், நாடி தட்டும். மூடாத நாளம் என்றால் அது விரலை உதைப்பது போலத் துள்ளும். மகாநாடி ஒடுக்கத்தில் நாடி நலிந்து, பிந்தி வரும். பழகாத விரலுக்கு இது தெளிவாகத் தெரியாது. கூடப்பிறந்த குட்டி ஒன்றிலும் அதே இடத்தில் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் பிடிபடும்.

முரசு வெளிறி இருந்தால் நல்ல செய்தியாகவும் இருக்கலாம். இரத்தம் குறைந்து தண்ணீராகிப்போனால் குறையற்ற இதயத்திலும் இந்த இரைச்சல் கேட்கும். நம் நாட்டில் குட்டிகளுக்கு இரத்தம் குறைய முதற் காரணம் கொக்கிப்புழு. தாய்ப்பாலோடு சேர்ந்தே குட்டியின் வயிற்றுக்குள் போய், குடல்சுவரில் கொக்கி போட்டு இரத்தம் குடிக்கும். அதில் ஓர் இனத்துக்குப் பெயரே அன்சைலோஸ்டோமா சிலானிக்கம்; 1911இல் சிலோனின் பெயரால் விவரிக்கப்பட்டது. அது மனிதரின் குடலிலும் குடியேறும், எனவே வெறுங்காலோடு திரிகிற உங்கள் மகளுக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம். அடுத்த காரணங்கள் தெள்ளும் உண்ணிக் காய்ச்சலும். குட்டியின் மலம் தார் போலக் கறுத்திருக்கிறதா என்று கேளுங்கள். மலப் பரிசோதனை ஒன்றும், இரத்தத்தின் செங்கல அளவு, உண்ணிக் காய்ச்சல் கிருமி இரண்டுக்குமாக ஓர் இரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். எக்கோவுக்கு ஆகும் செலவில் இவை சிறு பங்குதான், ஆகவே இவற்றை முதலில் செய்யுங்கள். எட்டுக் கிழமைக் குட்டிக்கு இரத்த அளவு வளர்ந்த நாயைவிட இயல்பாகவே குறைவு. அந்த வயதுக்குரிய கணக்கோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பூச்சி மருந்து எந்தத் திகதிகளில் கொடுத்தார் என்றும் விற்பவரிடம் கேளுங்கள். இரண்டு கிழமை வயதிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொடுத்திருக்க வேண்டும். "ஒருக்கா கொடுத்தது" என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. புழுவால் வந்த இரத்தக்குறைவு என்றால் மருந்தும் இரும்புச்சத்தும் கொடுத்து, இரத்தம் ஏறியதும் சத்தம் அடங்கிவிடும்.

"ஓடி விளையாடுது" என்ற பேச்சைச் சான்றாக எடுக்க வேண்டாம். பிறவி இதயக்குறை உள்ள குட்டிகள் பல, 8 கிழமையில் மற்றக் குட்டிகளைப் போலவே துள்ளும். இளம் உடம்பு குறையை மூடிமறைக்கக்கூடியது. எடை அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. எல்லாக் குட்டிகளையும் ஒரே தராசில் நிறுக்கச் சொல்லுங்கள். இந்த வயதில் லப்ரடோர் கிழமைக்கு ஏறக்குறைய 1 கிலோ ஏறும். இந்தக் குட்டி மட்டும் பின்தங்கினால் கவனிக்க வேண்டும். தூங்கும்போது மூச்சையும் எண்ணுங்கள். விலா ஒருமுறை எழுந்து தாழ்ந்தால் ஒன்று. 30 செக்கன் எண்ணி இரண்டால் பெருக்கினால் 35க்குள் இருக்க வேண்டும். கனவு கண்டு கால் உதறுகிற நேரத்தை விட்டுவிட்டு எண்ணுங்கள்.

எக்கோ எடுக்கும் இடத்தைத் தேடும்போது "ஸ்கேன் இருக்கா?" என்று கேட்காதீர்கள். வயிற்று ஸ்கேன் பல கிளினிக்குகளில் உண்டு. "இதயத்துக்குக் கலர் டொப்ளர் எக்கோ எடுப்பீர்களா, நாய்களின் இதயம் பார்த்துப் பழகியவர் யார்?" என்று கேளுங்கள். கொழும்பில் சரியான இடம் அமையாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்துப் போதனா வைத்தியசாலையை அழைத்து, நாள் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். மயக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. பக்கவாட்டில் படுக்கவைத்து, கொஞ்சம் மயிர் வழித்து, அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் பார்ப்பார்கள். எக்ஸ்ரேயும் ஈசீஜியும் இதற்கு மாற்றாகாது. அவை இதயத்தின் அளவையும் துடிப்பின் ஒழுங்கையும் காட்டும், ஓட்டை எங்கே, ஒடுக்கம் எவ்வளவு என்று காட்டமாட்டா. அறிக்கையில் நோயின் பெயர் மட்டும் போதாது. ஒடுக்கம் என்றால் அழுத்த வேறுபாடு எவ்வளவு என்ற எண்ணையும் எழுதி வாங்குங்கள். நுரையீரல் நாடி வால்வு ஒடுக்கத்தில் 50 மி.மீ. பாதரசத்துக்குக் கீழ் லேசானது, 80க்கு மேல் கடுமையானது.

முடிவு அந்த அறிக்கையைப் பொறுத்தது. இதயத்தில் குறை இல்லை என்று வந்தால் பயமின்றி வாங்குங்கள், 12, 16 கிழமை ஊசிகளின்போது மறுபடி நெஞ்சைக் கேட்கச் சொன்னால் போதும். லேசான நுரையீரல் வால்வு ஒடுக்கம், சின்ன ஓட்டை, லேசான மூவிதழ் வால்வுக் கோளாறு என்றால், வருடம் ஒருமுறை எக்கோ எடுக்கவும், ஒருபோதும் குட்டி போடவிடாமல் கருத்தடை செய்யவும் நீங்கள் தயார் என்றால் வாங்கலாம். அந்தக் கருத்தடைக்கு மயக்கம் கொடுக்கும் முன்னர் வைத்தியரிடம் இந்த அறிக்கை இருக்க வேண்டும்.

மூடாத நாளம் ஒரு விசித்திரமான நோய். கவனிக்காவிட்டால் மோசமான பிறவிக்குறைகளில் ஒன்று, நேரத்தோடு கவனித்தால் நன்றாகக் குணமாக்கக் கூடியது. விட்டுவிட்டால் பாதிக்கு மேற்பட்டவை முதலாம் வருடத்தைத் தாண்டுவதில்லை. நேரத்தோடு நாளத்தைக் கட்டிவிட்டாலோ உள்ளே அடைப்பான் வைத்துவிட்டாலோ மற்ற நாய்களைப் போலவே வாழும். கட்டுவது நெஞ்சைத் திறந்து செய்யும் சிகிச்சை, அடைப்பான் வைப்பது இரத்தக்குழாய் வழியாக; இரண்டும் எல்லாருக்கும் கைவந்த வேலையல்ல. ஆகவே யார் செய்வார், எந்த மாதம், மொத்தச் செலவு எவ்வளவு என்பது எழுத்தில் கையில் வந்த பிறகு மட்டும் குட்டியைப் பொறுப்பேற்க வேண்டும். "எடுத்துக்கொண்டு பிறகு பார்ப்போம்" என்பது இந்த ஒரு நோயில் அதற்கு உயிராபத்து. மகாநாடிக்குக் கீழே கடுமையான ஒடுக்கம் என்று வந்தால் வாங்காதீர்கள். அந்த நாய்களுக்கு முதல் மூன்று வருடங்களுக்குள் திடீர் மரணம் சாதாரணம். விளையாடிக்கொண்டிருக்கும்போதே விழும். 11 வயதுப் பிள்ளை பந்து எறியும் வீட்டுக்கு அது ஏற்றதல்ல.

செலவைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இதயம் ஊதித் தளர்ந்த நாய்களுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்து பிமோபென்டன். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னர். வளர்ந்த லப்ரடோர் 30 கிலோ என்றால் ஒரு வேளைக்கு 7.5, அதாவது 5 மில்லிகிராம் குளிசையில் ஒன்றரை. நாளுக்கு 3, மாதத்துக்கு 90 குளிசை. பாமசியில் ஒரு குளிசையின் விலையைக் கேட்டு 90ஆல் பெருக்குங்கள். இதோடு நீர் போகும் மருந்து, இரத்தப் பரிசோதனை, எக்கோ. (ஒடுக்க நோய்களுக்கு இந்தக் குளிசை கொடுக்கக்கூடாது, அவற்றுக்கு வேறு மருந்து.) 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டில் நாம் பட்ட பாட்டையும் மறக்க வேண்டாம். இறக்குமதிக் குளிசையை நம்பி வாழும் நாய்க்குக் குறைந்தது இரண்டு மாதத்துக்கான கையிருப்பு எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். அந்த 40,000 கழிவு இந்தக் கணக்கில் எத்தனை மாதத்துக்குக் காணும் என்பதை நீங்களே பாருங்கள்.

உங்கள் வீட்டுக்கே உரிய விஷயம் அந்த மூன்று மாடிப் படி. இதயம் தளர்ந்த நாய் படியேறக் கூடாது என்றொரு காலம் வரும். 30 கிலோவை நாளுக்கு மூன்று தடவை தூக்கி இறக்கி ஏற்றுபவர் வீட்டில் யார்? கொழும்பின் புழுக்கத்தில் நடை என்பதும் காலை ஆறு மணிக்கு மரைன் டிரைவில் ஒரு மெதுவான சுற்று, இருட்டிய பிறகு இன்னொன்று, அவ்வளவுதான்.

விற்பவரிடம் இப்படிக் கதையுங்கள்: "முழு விலையும் தரத் தயார், எக்கோவில் குறை இல்லை என்று வந்தால்." இதயம் சரியென்று அவர் உண்மையிலேயே நம்பினால் இது அவருக்கு இலாபம். எக்கோச் செலவை யார் ஏற்பது என்பதையும் அப்போதே பேசுங்கள், பாதிப்பாதி நியாயம். ஒரு தாளில், குட்டியின் அடையாளம், ஊசிக் கொப்பியில் உள்ள 3/6, எக்கோ எடுக்கும் திகதி, குறை வந்தால் அட்வான்ஸ் முழுவதும் திருப்பித் தரப்படும் என்ற வரி, இருவர் அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. குறையைத் தெரிந்துகொண்டே கழிவுக்கு வாங்கியவர் பிறகு முறையிடப் போனால் கை வலுவாக இராது. தாய் தந்தை இரண்டுக்கும் இதயம் பார்த்திருக்கிறதா, முந்திய ஈற்றில் குட்டி ஏதும் திடீரென்று செத்ததா, இரண்டும் ஒரே இரத்தமா என்றும் கேளுங்கள். கெனல் அசோசியேஷன் பத்திரம் இருந்தால் பாட்டன் பூட்டன் பெயர்களை இரு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பத்திரம் வம்சத்தைத்தான் சொல்லும், இதயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. குறை உறுதியானால் அதே சோடியை மறுபடி சேர்க்க வேண்டாம் என்றும், மற்றக் குட்டிகளை வாங்கியவர்களுக்கு அறிவிக்கும்படியும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் எடுக்காவிட்டால் அதன் கதி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை. வேறு யாராவது ஒன்றும் தெரியாமல் வாங்கிப் போவார்கள் என்ற பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் எடுத்துவைக்கும் எக்கோ அறிக்கை, நீங்கள் வாங்காவிட்டாலும், அந்தக் குட்டியோடு போகும். அடுத்தவர் கண் திறந்து வாங்குவார், வைத்தியரும் இருட்டில் தடவ வேண்டியதில்லை. குறையோடும் அதை வளர்க்கவே விரும்புகிறீர்கள் என்றால் அது நல்ல மனம். அப்படியென்றால் விலை கொடுத்து வாங்காதீர்கள். "இலவசமாகத் தாருங்கள், அந்தக் காசு முழுவதையும் இதன் வைத்தியத்துக்கு வைக்கிறோம்" என்று கேளுங்கள். கடுமையான நோய் உள்ள குட்டிக்கு 50,000 வாங்குவது நியாயமில்லை என்று அவரிடமே சொல்லலாம்.

மகளிடம் மறைக்க வேண்டாம். "குட்டியின் நெஞ்சில் ஒரு சத்தம் கேட்குது, டொக்டர் பார்த்துச் சொல்லும்வரை அது எங்கட குட்டி இல்லை" என்று சொல்லுங்கள். "ஒரு கிழமை வைத்துப் பாருங்கோ" என்று விற்பவர் சொன்னால் ஏற்காதீர்கள். ஒரு இரவு மகளின் அருகே தூங்கிய குட்டியை எந்த அறிக்கையும் திருப்பி அனுப்பாது. கந்தானைக்குப் போகிற நாளில் அவளையும் கூட்டிச்சென்று, தூங்கும் குட்டிக்குப் பக்கத்தில் இருந்து மூச்சை எண்ணி எழுதச் சொல்லுங்கள். திகதி, நேரம், எண்ணிக்கை மூன்றையும் எழுதட்டும். அந்தத் தாளை எக்கோ எடுக்கும் வைத்தியரிடம் கொடுங்கள், அவருக்கு அது பயன்படும்.